தோட்டத்துக் கைகலப்பும் அதன் விசாரணையும்

மலாயா, இலங்கைத் தோட்டங்களின் கதையை எழுதிய சரித்திராசிரியர்கள், தொழிலாளி துரையைத் தாக்கிய சம்பவங்களையும், போலீசாரும் பட்டாளத்தாரும் தொழிலாளியைச் சுட்ட சம்பவங்களையும் தேதி பிசகாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரே பெரட்டில் பெயர் கொடுத்து, ஒரே லயத்தில் குடியிருந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் கைநீட்டிய செய்தியைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர்களோ மிகச் சிலர். 1941 மே மாதத்தில் இலங்கை ஸ்டெல்லன்பர்க் தோட்டத்துத் துரை கொலையுண்டதும், 1948 ஜூன் 16-ஆம் தேதி பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுடப்பட்டு இறந்ததும் நூல்களில் ஏறின. பின்னது பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அவசரகாலத்துக்கே தோற்றுவாயாயிற்று. சிரம்பானிலிருந்து பகாவ் வரையிலும், போர்ட்டிக்சன் கடற்கரையிலிருந்து தம்பின் வரையிலும் பரந்து கிடந்த நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மண்டோர் என்னும் மேற்பார்வையாளனுக்கும் ஆளுக்கும், ஆளுக்கும் ஆளுக்கும் இடையே நடந்த அடிதடிகள், தோட்டத்து ஆபீஸ் கோப்பிலும் போலீஸ் நிலையத்துக் குறிப்பேட்டிலும் ஓரிரு வரிகளோடு நின்றன. மேலே இருப்பவன்மேல் ஓங்கிய கை சரித்திரத்தில் சேர்கிறது. பக்கத்தில் இருப்பவன்மேல் ஓங்கிய கை வெறும் ஒழுங்கீனம் என்று தள்ளப்படுகிறது. இந்தப் பாகுபாடு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

பிற நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், தொழிலிடத்து வன்செயலைப் பற்றிய ஆராய்ச்சி ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. கொள்ளையிட வரும் அந்நியன், வாடிக்கைக்காரன் அல்லது நோயாளி, சக ஊழியன், ஊழியரோடு சொந்தவாழ்வில் தொடர்புடையவன் எனத் தாக்குபவரை நான்கு வகையாகப் பிரித்து, சக ஊழியனை மூன்றாம் வகையில் வைக்கிறார்கள். 1986 ஆகஸ்டு 20-ஆம் தேதி ஓக்லஹோமா மாநிலத்து எட்மண்ட் தபால் நிலையத்தில் ஓர் ஊழியர் தம் சகாக்கள் 14 பேரைச் சுட்டுக் கொன்றார். அதற்குப் பிறகும் அங்குமிங்குமாக அத்தகைய சம்பவங்கள் நிகழவே, தபால் ஊழியர் என்றாலே வெறிகொண்டு எழுபவர் என்ற பழிச்சொல் அந்நாட்டுப் பேச்சு வழக்கிலேயே புகுந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் ஜோசப் கலிஃபானோ தலைமையில் அறிக்கை தந்த குழுவோ, தபால் ஊழியர் மற்றத் தொழிலாளரைவிட வன்மை மிகுந்தவர் என்பது ஆதாரமற்ற கதை என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு கூட்டத்தாரின் சுபாவத்தின்மேல் குற்றத்தைச் சுமத்திவிட்டு அப்பால் போய்விடுவது எந்தத் தேசத்திலும் சுலபமாக நடக்கும் காரியம். நம்மவர் விஷயத்தில் அது கள்ளின் பெயரால் நடந்தது. அந்த விஷயத்துக்குப் பின்னர் வருவோம்.

இந்த நான்கு வகைப் பாகுபாடு ஆலைகளையும் அலுவலகங்களையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஆலைச் சங்கு ஊதியதும் அடித்தவனும் அடிபட்டவனும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஓர் இராப்பொழுதாவது இருவருக்கும் இடையே தூரம் விழுகிறது. தோட்டத்திலே அந்தத் தூரத்துக்கு இடமில்லை. காலையில் நிரையில் முறைத்துக்கொண்டவர்கள் பிற்பகலில் ஒரே லயத்தின் அடுத்தடுத்த கதவுகளில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவிலிருக்கும் பலகைச் சுவர் வழியே ஒருவர் வீட்டுப் பேச்சு மற்றவர் காதில் விழும். பிள்ளைகள் ஒரே ஆயாக் கொட்டகையில் தூங்கி எழும். பெண்டுகள் ஒரே குழாயடியில் குடம் வைப்பார்கள். ஆகவே வேலைக்காட்டுத் தகராறு குழாயடிச் சண்டையாகவும், குழாயடிச் சண்டை மறுநாள் வேலைக்காட்டுத் தகராறாகவும் மாறி மாறி உருவெடுத்தது. 2019 ஜூன் மாதம் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, தொழிலிடம் என்பதில் முதலாளி கொடுத்த குடியிருப்பையும், வேலைக்குப் போய்வரும் வழியையும் சேர்த்துக்கொண்டது ஒரு நூதன ஏற்பாடாகப் பேசப்பட்டது. லயத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அதில் நூதனம் ஏதும் தோன்றியிராது.

நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழில் வேரூன்றிய விதத்தைச் சற்றே கவனித்தால் இந்தப் பகைகளின் பழைய முகம் புலப்படும். சுங்கை ஊஜோங் என்று வழங்கிய சிரம்பான் வட்டாரத்தில் முதலில் காப்பியும், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து ரப்பரும் பயிராயின. சிரம்பானையும் போர்ட்டிக்சன் துறைமுகத்தையும் இணைத்து 1891-இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை இதற்குப் பேருதவியாக அமைந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றுபோன பிறகு ஆள் திரட்டும் பொறுப்பு பெரும்பாலும் கங்காணியின் கைக்கு வந்தது. கங்காணி தன் ஊருக்குப் போய்த் தன் உறவினரையும் தன் தெருவாரையும் கூட்டி வந்தபடியால், ஒரு தோட்டத்துக்குள் நாலு கங்காணியின் ஆட்கள் இருந்தால் நாலு ஊர்கள் இருந்தன என்றே பொருள். அவரவர் சாதிக்குத் தனி லயம் என்ற ஏற்பாடும் பல தோட்டங்களில் இருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகையால் ஓர் ஆள் ஒரு கங்காணியின் கூட்டத்தை விட்டு மற்றொருவன் கூட்டத்துக்குப் போவது இருவருக்கும் இடையே வருமானத்தகராறு ஆயிற்று. அந்தத் தகராறு அநேகமாக அவர்களுடைய ஆட்களின் முதுகில்தான் தீர்ந்தது. 1938-இல் இந்திய சர்க்கார் கூலியாட்கள் கடல் கடந்து செல்வதைத் தடை செய்ததும் கங்காணியின் தொழில் ஓய்ந்தது. கூட்டம் கூட்டமாக நின்று பழகிய மனப்பான்மை ஓய்வதற்கு மேலும் ஒரு தலைமுறை பிடித்தது. மலாயாத் தோட்டமொன்றில் தங்கி ஆராய்ந்து ரவீந்திர ஜெயின் 1970-இல் வெளியிட்ட நூல், கங்காணியின் ஆட்சி தேய்ந்து சங்கத் தலைமை எழுந்த மாறுதலை நிதானமாக விவரிக்கிறது.

இனி, கள்ளும் பெண்ணும் என்ற பழைய விளக்கத்துக்கு வருவோம். தோட்டத்தில் அடிதடி ஏன் என்று எந்தப் பழைய அதிகாரியைக் கேட்டாலும், குடித்தான், அடித்தான் என்பார்; குடியில்லாதபோது, ஒருத்திக்காக அடித்துக்கொண்டார்கள் என்பார். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. தொடக்க காலத்தில் ஆண்களின் தொகைக்குப் பெண்களின் தொகை வெகுவாகக் குறைந்திருந்தது. அதனால் நேர்ந்த விபரீதங்கள் பல. கள்ளுக்கடையோ தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே சர்க்கார் லைசென்சோடு நடந்தது. அதை எதிர்த்து முதலில் எழுந்தவர்களும் தொழிலாளரே என்பதை அந்த அதிகாரிகள் சௌகரியமாக மறந்துவிடுவர். 1941-இல் சிலாங்கூர் வேலைநிறுத்தக்காரரின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. 1947-இல் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து போலீசாரோடு மோதினர்; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. என் அபிப்பிராயத்தில், கள் ஓங்கிய கைக்குத் துணிவு கொடுத்ததே தவிர, எவன்மேல் ஓங்குவது என்பதை அது தீர்மானிக்கவில்லை. கள்ளுக்கடை பெஞ்சியில் கிளம்பிய பேச்சின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் அன்றைய பகலில் பால் நிறுத்த இடத்துக்கு வந்து சேருவோம்.

அந்த இடத்தைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் வாசிக்கிறார்கள். மண்டோர் நிரை பிரிக்கிறான். சமதரையில் இளமரங்கள் நிற்கும் நிரை ஒன்று. மேட்டில் ஏணி வைத்து வெட்டவேண்டிய கிழமரங்கள் நிற்கும் நிரை மற்றொன்று. இரண்டிலும் மரத்தின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம். மரத்தில் கட்டிய மங்கில் இறங்கும் பால் ஒன்றாக இராது. யாருக்கு எந்த நிரை என்பதை மண்டோரின் வாய் முடிவு செய்கிறது. உச்சிப்பொழுதுக்கு முன் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வந்தால், கணக்கெழுதும் கிராணி பாலை நிறுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டு எழுதுகிறான். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பது வெட்டியவனுக்குத் தெரியாது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று கிராணி சொல்லிவிட்டால் சொன்னது சொன்னதுதான். இன்னொரு பக்கம், முன்தினம் மங்கில் உறைந்து கிடந்த கட்டிப்பாலும், பட்டையில் ஒட்டிய ஓட்டுப்பாலும் எடைக்குக் காசு பெறும் பொருள்கள். நிரையின் ஓரத்து மரங்களில் மங்கு காலியாக இருந்தால், பக்கத்து நிரைக்காரன்மேல் சந்தேகம் விழுகிறது. ஒரு ராத்தல் கட்டிப்பாலுக்காகவா மனிதன் மனிதனை வெட்டுவான் என்று பட்டணவாசி கேட்கலாம். மாதக் கடைசியில் சாப்புக்கடைக் கணக்கு நேராக வேண்டியவனுக்கு அந்தக் கேள்வி தோன்றாது.

செம்பனை வந்த பிறகு பொருள் மாறிற்றே ஒழிய முறை மாறவில்லை. குலை வெட்டியவன் காம்பின் வெட்டுவாயில் தன் எண்ணை எழுதிப் பாதையோரத் திட்டில் அடுக்குகிறான். மண்டோர் வந்து எண்ணைப் பார்த்து எண்ணிக்கை குறிக்கிறான். பழுக்காத குலைக்கு அபராதம் உண்டு. மழையில் அழிந்த எண்ணும், ஒருவன் எண்ணின்மேல் இன்னொருவன் எண்ணும் எத்தனை சச்சரவுகளுக்கு இடமளிக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இத்தொழில்களில் ஒவ்வோர் ஆளும் கூரிய இரும்பைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறான். ரப்பர்க் காட்டில் பால்வெட்டுக் கத்தி, புல்வெட்டில் பாராங், செம்பனையில் நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாள். நெசவாலையில் இருவர் சண்டையிட்டால் குத்துவிடுவதோடு நிற்கக்கூடும்; இங்கே அதே கோபம், அதே ஒரு நிமிஷம், ஆஸ்பத்திரிக்கோ பிணக்கிடங்குக்கோ கொண்டுபோய் விட்டுவிடுகிறது. கருவியை வைத்துக் கோபத்தின் அளவை நிர்ணயிக்கும் போலீசாரும் நீதிமன்றத்தாரும் இதை மறந்துவிடலாகாது.

மண்டோரும் கிராணியும் சக தொழிலாளரா என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். அவர்களும் மாதச் சம்பளத்துக்கு உழைத்தவர்களே. துரைக்கு முன் கைகட்டி நின்றவர்களே. ஆனால் 1941 ஏப்ரல், மே மாதங்களில் கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தத்தின்போது எழுந்த கோரிக்கைகளைப் படித்துப் பார்த்தால், தொழிலாளியின் உடம்பில் நாள்தோறும் பட்ட அடி பெரும்பாலும் இவர்கள் கையால் விழுந்தது என்று தெளிவாகிறது. சம்பளத்தில் சீனத் தொழிலாளரோடு சமத்துவம் கேட்ட அதே பட்டியலில், கொடுமை செய்யும் மேற்பார்வையாளரை நீக்கவேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும், துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பனவும் இருந்தன. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, சுட்டது, தொழிலாளர் மாண்டனர். இதனைச் சரித்திராசிரியர்கள் வர்க்கப் போராட்டம் என்றும் தேசிய எழுச்சி என்றும் வருணித்தார்கள், இரண்டும் பொருந்தும். என் கண்ணுக்கு அது இன்னொன்றாகவும் தெரிகிறது: தொழிலிடத்தில் சம்பளக்காரன் சம்பளக்காரனை அடிப்பதைப் பற்றி மலாயாவில் எழுதப்பட்ட முதல் பெரிய முறையீடு அது. சிலாங்கூரை அடுத்துக் கிடந்த நெகிரி செம்பிலான் தோட்டங்களும் அதே கிராணி, அதே மண்டோர், அதே பெரட்டு என்ற அச்சில் வார்க்கப்பட்டவையே.

யுத்தம் முடிந்து 1946-இல் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. அதில் உழைத்து முன்னுக்கு வந்த பி. பி. நாராயணனே பின்பு, ஐந்து சங்கங்கள் ஒன்றாகி 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராகி, 1962-இல் மக்சேசே விருதும் பெற்றார். கிராணியின் கைநீட்டலைச் சங்கம் பெருமளவுக்கு அடக்கிற்று என்பது மறுக்க முடியாத சாதனை. மண்டோர் அடித்தால் கிளைச் செயலாளர் துரையிடம் போவார் என்ற பயமே போதுமானதாயிற்று. ஆயினும், அடித்தவனும் அடிபட்டவனும் இருவருமே சந்தா கட்டும் அங்கத்தினராக இருந்தபோது சங்கத்துக்கு வழி தோன்றவில்லை. ஒருவனுக்காக வாதாடினால் மற்றவன் விரோதியாகிறான். இருவரையும் விட்டுவிட்டால் நிர்வாகம் தன் இஷ்டப்படி ஒருவனை நீக்குகிறது. சங்கம் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே நிற்கப் பிறந்த ஸ்தாபனம். தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே நிற்கும் வித்தையை அது நன்றாகக் கற்கவே இல்லை.

அந்த இடத்தை நெடுங்காலம் நிரப்பியது மாரியம்மன் கோயில் பஞ்சாயத்து. கோயில் தலைவரும் நாலு பெரியவர்களும் உட்கார்ந்து, இரு தரப்பையும் கேட்டு, அபராதம் விதித்து, சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கி, கைகுலுக்க வைத்து அனுப்புவார்கள். அதில் ஒரு பெரிய நன்மை இருந்தது: மறுநாளும் அதே லயத்தில் வாழப்போகிறவர்கள் என்ற நினைவோடு தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு பெரிய தீமையும் இருந்தது: சாதியில் தாழ்ந்தவன் என்று கருதப்பட்டவனுக்கும், பெண்ணுக்கும் அந்தச் சபையில் வாய் இல்லை. கணவன் மனைவியை அடித்தால் அது வழக்கே ஆகவில்லை; இருவரும் ஒரே தோட்டத்துச் செக்ரோல் என்னும் பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிகள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பழைய பஞ்சாயத்தைப் பொற்காலமாகப் பாடுவோருக்கு இதை நினைவூட்டுவது கடமை.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 323, 324, 326-ஆம் பிரிவுகள் காயத்தையும், ஆயுதத்தால் ஏற்பட்ட காயத்தையும், ஆயுதத்தால் ஏற்பட்ட கொடுங்காயத்தையும் அளந்து தண்டிக்கின்றன. முன்யோசனையின்றித் திடீரென்று மூண்ட சண்டையில் உயிர் போனால் அது கொலைக்குற்றத்தினின்றும் குறைந்ததாகக் கருதப்படலாம் என்று 300-ஆம் பிரிவின் விதிவிலக்கு இடம் தருகிறது. வேலை சம்பந்தமாக, 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, முறையான விசாரணைக்குப் பின் நீக்கவும், பதவியிறக்கவும், இரண்டு வாரம்வரை சம்பளமின்றி நிறுத்தவும் முதலாளிக்கு அதிகாரம் கொடுக்கிறது. நீக்கப்பட்டவர் 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் முறையிட்டால் வழக்குத் தொழில் நீதிமன்றம்வரை போகலாம். எழுதப்படிக்க அறியாமல், வீட்டையும் காலி செய்யவேண்டிய நிலையில் இருப்பவனுக்கு 60 நாள் என்பது எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களோ என்னவோ. போதாததற்கு, உள்விசாரணையே நடத்தாமல் நீக்கியிருந்தாலும் அந்தக் குறையைத் தொழில் நீதிமன்றத்தில் நிவர்த்தி செய்துகொள்ளலாம் என்று வோங் யூன் ஹோக் வழக்கில் 1995-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சட்ட நுணுக்கத்தில் அது சரியாக இருக்கலாம். தோட்டத்திலே விசாரணையின் மதிப்பை அது குறைத்துவிட்டது.

இந்தியாவில் 1946-ஆம் ஆண்டு நிலையாணைகள் சட்டத்தின்கீழ் வந்த மாதிரி ஆணைகள், தொழிற்சாலையில் கலகம் செய்வதையும் ஒழுங்கீனமாக நடப்பதையும் குற்றமாக எழுதி வைத்தன. தொழிற்சாலைக்கு வெளியே நடந்த அடிதடியை அதற்குள் அடக்க முடியுமா என்ற கேள்வி கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. இடத்தோடும் நேரத்தோடும் தொடர்பு காட்டாமல் வெளியிலே நடந்ததையெல்லாம் வேலைக்குற்றமாக்க முடியாது என்று 1983-இல் நீதிமன்றம் கூறிற்று. தொழிலாளிக்குப் பாதுகாப்பான இந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்து லயத்தின்மேல் வைத்தால் விபரீதமாக முடியும். லயம் தொழிற்சாலைக்கு வெளியேயா, உள்ளேயா? நிர்வாகங்கள் இதற்கு இரண்டு பதில் வைத்திருப்பதைக் காணலாம்: நீக்க விரும்பினால் லயம் தோட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது, பொறுப்பேற்க வேண்டி வந்தால் அது தொழிலாளியின் சொந்த வீடு.

இன்று நிலைமை மேலும் சிக்கலாகிவிட்டது. நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்கள் பல நகரங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன; மிச்சமுள்ள செம்பனைக் காடுகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். 2020-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுங்கத்துறை இரண்டு பெரிய மலேசியச் செம்பனைக் கம்பெனிகளின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தியபோது எடுத்துக் காட்டிய அறிகுறிகளில், உடல்வன்முறையும் மிரட்டலும் இடம்பெற்றிருந்தன. பிறகு சீர்திருத்தங்கள் நடந்தன, தடையுத்தரவுகள் மாற்றப்பட்டன. ஆனால் இதில் நம்மவர் கூச்சத்தோடாவது ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிராணிக்கு முன் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவனின் பேரன் இன்று பல இடங்களில் மண்டோர். அவனுக்குக் கீழே நிற்பவனுக்குத் தமிழ் தெரியாது, மலாயும் அரைகுறை. சொல்லிப் புரியவைக்க முடியாதபோது குரல் உயர்கிறது, குரலுக்குப் பின் கை உயர்கிறது. அந்த அந்நியனுக்குக் கோயில் பஞ்சாயத்து இல்லை. பெரும்பாலும் சங்கமும் இல்லை. உறவினர் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். அவனும் அவன் சகாக்களும் ஒரே அறையில் பலராகப் படுத்து, ஒரே அடுப்புக்குக் காத்து நிற்கிறார்கள். 2020-இல் நடைமுறைக்கு வந்த குடியிருப்பு விதிகள் ஒவ்வொருவருக்கும் கட்டிலும் மெத்தையும் மட்டுமன்றிப் பூட்டுள்ள அலமாரியும் தரவேண்டும் என்று விதித்திருப்பது மிகச் சிறிய விஷயமாகத் தோன்றும். பர்ஸும் கைத்தொலைபேசியும் காணாமற்போவதால் மூளும் அடிதடிகளை அறிந்தவர்கள், அந்தப் பூட்டை எழுதிய அதிகாரியைப் பாராட்டுவார்கள்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, உள்விசாரணையின் முறையிலேயே ஒரு பெரும் குறை இருப்பதாக எனக்குப் படுகிறது. விசாரிக்கும் மேனேஜர், யார் முதலில் அடித்தது என்று கேட்கிறார், சாட்சிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இரண்டு பதில் சொல்கிறார்கள், இருவருக்கும் அல்லது எளியவனுக்கு வேலை போகிறது, கோப்பு மூடப்படுகிறது. கடைசி மூன்று மாதத்து நிறுவைப் புத்தகத்தையும், நிரை ஒதுக்கிய பட்டியலையும், அபராதக் கணக்கையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு சாட்சிகளை அழைத்தால் வேறு கதை வெளிவரும். ஒரே மண்டோரின் கீழ் ஒரே இடத்தில் அடிக்கடி கைகலப்பு நேர்வது அந்தக் கணக்குகளில் புலப்படும். அப்படிப் புலப்பட்டால் குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர் அடித்துக்கொண்ட இருவர் மட்டும் அல்லர். இந்தக் கணக்குகளைக் கேட்டு வாங்கும்படி தங்கள் கிளைச் செயலாளரை வற்புறுத்துவது சங்க அங்கத்தினர்களின் வேலை. அவ்வாறு கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

வேலைவாய்ப்புச் சட்டத்திலே இன்னொரு வாசகம் இருக்கிறது. 14-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, தனக்கோ தன்னைச் சார்ந்தவர்களுக்கோ வன்செயலால் உடனடி ஆபத்து நேரும்போது, முன்னறிவிப்புக் கொடுக்காமலே வேலையை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்கு வழங்குகிறது. அந்த உரிமையைச் செலுத்தினால் தோட்டத்து வீட்டையும் அவன் விடவேண்டும்.